வேலையை விட்ட பிறகு பேச்சே குறைந்துவிட்டது, உங்களுக்கும் இப்படியா?

மலைக்கோட்டை_மாடி:

வணக்கம் தோழிகளே. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். டேலி, வாட் ரிட்டன், டிடிஎஸ் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வணிகவரி அலுவலகத்துக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவேன். இது செல்லாது என்று அதிகாரி சொன்னால், எந்தப் பிரிவின்படி செல்லும் என்று எடுத்துக் காட்டிப் பேசிவிட்டு வருவேன். 2016இல் இரண்டாவது குழந்தை பிறந்தது, சிசேரியன், அம்மாவுக்கும் அப்போது முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் மொத்தம் ஆறு பேர். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால் மகப்பேறு விடுப்புச் சட்டமே எங்களுக்குப் பொருந்தாது. வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, நானேதான் விட்டேன், அதனால் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை.

போன வாரம் வங்கியில் கேஒய்சி புதுப்பிக்கப் போனோம். என் பெயரில் உள்ள கணக்கு, வேலைக்குச் சேர்ந்த வருடம் நானே தொடங்கியது. கவுண்டரில் இருந்த பையன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் திரும்பி என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பதில் சொன்னார். தொழில் என்ற இடத்தில் அவரே "ஹவுஸ் ஒய்ஃப்" என்று எழுதினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையன் என்னிடம்தான் கேட்டான், நான் ஏன் பேசவில்லை?

இவர் நல்லவர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, கேட்டால் கொடுப்பார். ஆனாலும் கடையில் எதையாவது எடுத்துவிட்டு விலையைப் பார்த்துத் திரும்ப வைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சின்னதாகிக்கொண்டே போகிறது. இது வேலை இல்லாததால்தானா? வேலைக்குப் போகும் தோழிகளுக்கு இப்படி இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

---

கணக்கு_டீச்சர்:

உண்மையைக் கேட்டதால் சொல்கிறேன். எனக்கு இருபது வருட சர்வீஸ், அரசு உதவி பெறும் பள்ளி. மாதக் கடைசி நாளில் சம்பளம் ஏறும். அது ஏறிய குறுஞ்செய்தி யார் கைப்பேசிக்குப் போகும் தெரியுமா? என் கணவர் கைப்பேசிக்கு. ஏடிஎம் அட்டை அவர் சட்டைப்பையில். கல்யாணமான புதிதில் "நீ ஏன் ஏடிஎம் வாசலில் வரிசையில் நிற்கணும், நான் எடுத்துட்டு வரேன்" என்று வாங்கினார், அன்றைக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. இப்போது பெட்ரோலுக்கு இருநூறு, மதியம் ஸ்டாஃப் ரூமில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் நூறு என்று தினமும் காலையில் கேட்டு வாங்குகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கூட்டு வட்டி நடத்துகிறவள் நான்.

2014இல் என் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கி மனை வாங்கினோம். தவணை பத்து வருடம் என் சம்பளத்தில்தான் போனது. பத்திரம் அவர் பெயரில். ஏன் என்று அன்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. வேலைக்குப் போனால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வகுப்பறையில் எனக்கு இருக்கும் குரல் என் வீட்டு வாசற்படி வரைக்கும்தான்.

---

கொங்குக்காற்று:

சகோதரிகள் மன்னிக்க வேண்டும், ஆண் ஒருவன் இடையில் பேசுகிறேன். என் மனைவியும் படித்தவர்தான், வேலைக்குப் போகவில்லை. நான் ஒருநாளும் தடுத்ததில்லை, கேட்ட எதையும் மறுத்ததில்லை. இத்தனை வருடத்தில் கணக்குக் கேட்டதும் இல்லை. அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். எல்லா வீட்டையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பணம் யார் கையில் இருந்தால் என்ன, செலவு குடும்பத்துக்குத்தானே?

---

ஓவர்லாக்_அக்கா:

தம்பி, பணம் யார் கையில் இருந்தால் என்ன என்று கேட்கிறவர் கையில்தான் எப்போதும் பணம் இருக்கும். கோபப்படாதீர்கள், திருப்பூர்க்காரி நான், நேராகத்தான் பேச வரும்.

பதினாறு வயதில் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்தேன், இப்போது ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறேன். எங்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிஃப்ட், ராத்திரி வீடு வந்து சேரப் பத்தாகும், முதுகு விட்டுப்போகும். சுகமான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று பெருமையாகப் பேசுகிறார்கள், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆனால் இந்தத் தன்னம்பிக்கை என்கிற சொல்லை எங்கள் லைனில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாங்கள் சொல்வது வேறு. "அவ கையில காசு ஓடுது" என்போம். கையில் காசு ஓடுகிற பெண் பேசுகிற விதமே தனியாக இருக்கும், பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் கைக்கு வந்ததும் கம்பெனி கேட் வாசலிலேயே என் வீட்டுக்காரர் பைக்கோடு நிற்பார், முதல் நான்கு வருடம் அப்படித்தான் நடந்தது. ஒருநாள் என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்து ஷூ கிழிந்துபோய், வாங்கித்தரச் சொல்லி இவரிடம் மூன்று வாரம் சொல்லிப் பார்த்தேன். நான்காவது சனிக்கிழமை பின்கேட்டு வழியாகப் போய்ச் செருப்புக்கடையில் ஷூ வாங்கிக்கொண்டு, மிச்சத்தோடு வீட்டுக்குப் போனேன். சண்டை நடந்தது, பெரிய சண்டை. அதற்குப் பிறகு கவர் என்னிடம்தான் இருக்கிறது. வேலை எனக்கு அந்தச் சண்டை போடத் தெம்பு கொடுத்தது, அவ்வளவுதான் அது கொடுத்தது, மற்றதை நான்தான் செய்ய வேண்டியிருந்தது. டீச்சரம்மா, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

திருச்சிக் கண்ணு, நீ அழாதே.

---

அஞ்சறைப்பெட்டி:

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் பெண் என்றாலே பரிதாபமாகப் பேசுவதை நிறுத்துங்கள். நான் வேலைக்குப் போனதில்லை, போக விரும்பியதும் இல்லை. மதுரையில் கூட்டுக்குடும்பம், மாமனாருக்கு டயாலிசிஸ் வாரம் இரண்டு முறை, அந்தக் கோப்பு, மருந்து, காப்பீட்டுத் திட்ட அட்டை எல்லாம் என் பொறுப்பு. மருத்துவரிடம் நான்தான் பேசுவேன். கணவர் சம்பளம் விழும் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, கல்யாணமான இரண்டாவது மாதமே அவர் என்னைச் சேர்த்துவிட்டார், செய்தி இரண்டு கைப்பேசிக்கும் வரும். இந்த மாதம் என்ன மிச்சம், சீட்டுக்கு எவ்வளவு, நகைக்கடன் எப்போது திருப்ப வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். எந்த வங்கியிலும் எந்த அலுவலகத்திலும் எனக்கு வாய் அடைத்ததில்லை.

அதனால் மலைக்கோட்டை தோழிக்கு நான் சொல்வது, குறை உங்கள் வேலையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

---

பிஜி_உளவியல்:

எல்லாரும் பெரியவர்கள், நான் முதுகலை உளவியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் துறையில் இந்தத் தலைப்பில் வருடா வருடம் யாராவது ப்ராஜெக்ட் எடுப்பார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் இத்தனை பேர், போகாதவர்கள் இத்தனை பேர், இரண்டு குழுவுக்கும் தன்மதிப்புக் கேள்வித்தாள் கொடுத்துச் சராசரியை ஒப்பிடுவது. பெரும்பாலும் பயன்படுத்துவது மாரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட அளவுகோல். பத்தே பத்து வாக்கியம், ஒவ்வொன்றையும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

பழகிப் பார்க்க என் அம்மாவிடம் அதைத் தமிழில் வாசித்தேன். மற்றவர்களுக்குக் குறையாத மதிப்புள்ளவள் நான் என்று நினைக்கிறீர்களா என்ற வாக்கியம் வந்தது. அம்மா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, "மத்தவங்கன்னா யாரு? உங்க அப்பாவையா, என் தங்கச்சியையா, பக்கத்து வீட்டு டாக்டரம்மாவையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் சித்தி வங்கியில் வேலை பார்க்கிறார்.

அப்புறம் இந்த மாதிரி ஒப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைக்குப் போவதால் நம்பிக்கை வருகிறதா, ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களும் வீட்டில் ஆதரவு உள்ளவர்களும்தான் வேலையில் நீடிக்கிறார்களா என்று ஒரே ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓவர்லாக் அக்கா மாதிரி வறுமையால் வேலைக்குப் போகிறவர்களையும் டீச்சர் மாதிரி விரும்பிப் போகிறவர்களையும் ஒரே குழுவில் போட்டுவிடுகிறோம். ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி நான் பார்த்த எந்தத் தாளிலும் இல்லை. இந்த இழையைப் படித்த பிறகு என் தாளில் சேர்க்கப்போகிறேன்.

நான் படித்ததில் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. 1929-30இல் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரில் இருந்த துணி ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா என்ற இளம் ஆய்வாளரும் கூட்டாளிகளும் அங்கே போனார்கள். தெருவில் யார் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்றுகூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள், அவர்களுக்கு நாள் நகரவில்லை. பெண்கள் வேகமாக நடந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் போனது சம்பளம் மட்டும்தான், வீட்டு வேலை போகவில்லையே. ஆனால் அந்தப் பெண்களே, இரட்டைச் சுமை என்று தெரிந்தும், மறுபடி ஆலைக்குப் போக வேண்டும் என்றார்கள், காசுக்காக மட்டும் இல்லை என்றும் சொன்னார்கள். மனிதர்களைப் பார்ப்பது, நாளுக்கு ஓர் ஒழுங்கு, நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், இவையெல்லாம் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை என்று யஹோடா பின்னாளில் எழுதினார். மலைக்கோட்டை அக்கா எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஊர்ப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

---

மலைக்கோட்டை_மாடி:

தங்கையே, அந்த வணிகவரி அலுவலகப் படிக்கட்டு எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. சம்பளம் கனவில் வந்ததே இல்லை.

அஞ்சறைப்பெட்டி தோழி, நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தோராயமாகத்தான் தெரியும், இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன், என் வீட்டுடையது எனக்குத் தெரியவில்லை.

---

ராஜபாளையம்_பெரியம்மா:

எனக்கு அறுபத்திரண்டு வயது, மருமகள் தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல. எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் வழி வைத்திருந்தோம், சிறுவாடு. அரிசிப் பானைக்குள்ளே, பூஜையறைக் காலண்டருக்குப் பின்னாலே, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். பால்காரனுக்குக் கொடுத்த மிச்சம், பழைய பேப்பர் போட்ட காசு, தீபாவளிக்கு என் அண்ணன் கொடுத்த ஐநூறு. எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியமில்லை, இருக்கிறது என்பதுதான் முக்கியம். மாமியார் ஏதாவது சொன்னால் மனசுக்குள்ளே அந்த பாட்டிலை நினைத்துக்கொள்வேன்.

2016 நவம்பர் எட்டாம் தேதி ராத்திரி டிவியில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். என்னிடம் பதினான்காயிரத்து ஐநூறு இருந்தது. எனக்கென்று வங்கிக் கணக்கு கிடையாது. இரண்டு நாள் சொல்லவில்லை, மூன்றாம் நாள் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் திட்டவில்லை. சிரித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்க அம்மா பெரிய பணக்காரிடா" என்று சொல்லிச் சிரித்தார். காசை அவர் கணக்கில் போட்டார், திரும்பி வரவே இல்லை, நானும் கேட்கவில்லை. இருபத்தேழு வருடம் சேர்த்தது. ஊரில் எத்தனை பேர் அந்த மாதம் அப்படி வெளியே வைத்தோம் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி அழுததைப் பார்த்தேன், அவள் புருஷன் அடித்தான்.

இப்போது எனக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது, 2023 செப்டம்பர் பதினைந்தாம் தேதி தொடங்கியபோதே முதல் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. அதற்காகத்தான் முதல்முதலாக என் பெயரில் கணக்குத் தொடங்கினேன். மாதா மாதம் நானே பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வருவேன், பஸ்ஸும் நமக்குக் காசில்லை. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அந்த ஆயிரத்தை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

---

கோர்ட்_வாசல்:

பெரியம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

டீச்சருக்காக ஒன்றிரண்டு செய்தி. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவர் பல வருடம் சவூதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து, மனைவி இங்கே குழந்தைகளையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டவர், வேலைக்குப் போகாதவர். வீட்டைக் கவனித்த அவருடைய உழைப்பும் அந்தச் சொத்து வாங்கப்பட்டதற்கு ஒரு பங்களிப்புத்தான், அவருக்குச் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். இதைச் சொல்லும் தனிச் சட்டம் எதுவும் இல்லை, நீதிபதியே அதைக் குறிப்பிட்டு, ஆனாலும் அங்கீகரிக்கத் தடை இல்லை என்றார். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்புப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

உங்கள் கதையில் தவணையே உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து போயிருக்கிறது. பத்து வருடத்து வங்கி அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போடச் சொல்லவில்லை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எதையாவது வாங்கினால் உங்கள் பெயரில் பதியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. வீட்டில் பேச்சை எடுக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

---

கொங்குக்காற்று:

மூன்று நாள் கழித்து வருகிறேன். அக்கா எழுதியது முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு ராத்திரி மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனை என்னிடமே கொடுத்தார். மறுநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, கண்ணாடி மாற்ற வேண்டும், ஆறு மாதமாகப் படிக்கும்போது தலை வலிக்கிறது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் என்று முதலில் விட்டாராம், பிறகு மழைக்காலத்தில் தளம் ஒழுகியதற்காக விட்டாராம், பிறகு பழகிவிட்டதாம்.

நான் மறுத்ததில்லை என்று பெருமையாக இங்கே எழுதியிருந்தேன். மறுக்கும் நிலைக்கே அவர் என்னை வரவிடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. கணக்கில் அவர் பெயரைச் சேர்க்கப் படிவம் வாங்கியாயிற்று. இதைச் சொல்லிப் பாராட்டு வாங்க வரவில்லை, சகோதரிகள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

பிஜி_உளவியல்:

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், அதே வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். 2019இல் 299, 97 என்று இருந்தது. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. மலைக்கோட்டை அக்கா மறுபடி வேலைக்குப் போனால் இந்த 289இல் எத்தனை நிமிடத்தை வீட்டில் யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் களைத்துப்போய், "எனக்கு ஒத்துவரலை" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார்.

---

ஓவர்லாக்_அக்கா:

அந்த 88 நிமிடம் எந்த வீட்டில் நடக்கிறது என்று எனக்கு முகவரி வேண்டும்.

டீச்சரம்மா, நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே?

---

மலைக்கோட்டை_மாடி:

தனியாகவே வங்கிக்குப் போய்விட்டு வந்தேன். அதே பையன். கைப்பேசி எண்ணை என்னுடையதாக மாற்றினேன். தொழில் என்ற இடத்தைப் பற்றிக் கேட்டேன், மாற்றலாமா என்று. என்ன போட வேண்டும் மேடம் என்றான். சொல்லத் தெரியவில்லை, அப்படியே இருக்கட்டும், பிறகு வருகிறேன் என்று வந்துவிட்டேன். ஆனால் பேசினேன்.

பழைய ஆடிட்டர் சாருக்கு போன் செய்தேன். அதற்கு மட்டும் இரண்டு நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. குரலைக் கேட்டதும், "ஏம்மா இத்தனை வருஷம்?" என்றார். வருமான வரி தாக்கல் நேரத்தில் கை பத்தாமல் தவிப்பார்களாம், வீட்டிலிருந்தே தினமும் மூன்று மணி நேரம் செய்ய முடியுமா என்று கேட்டார். எவ்வளவு தருவீர்கள் என்று நானும் கேட்டேன்! எட்டாயிரம் என்றார்.

பயம் என்னவென்றால், நான் விட்டபோது வாட் வரி இருந்தது. 2017 ஜூலையில் அதற்குப் பதிலாக ஜிஎஸ்டி வந்துவிட்டது. 3பி, 2பி என்று ஜிஎஸ்டி படிவங்கள் என்னென்னவோ சொல்கிறார், 2பி-யை கொள்முதல் பதிவேட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டுமாம். எக்செல்லில் ஒரு பட்டியலில் தேடி எடுக்கும் வீலுக்அப் சூத்திரம் போடுவதே எனக்கு மறந்துவிட்டது. யாராவது பொறுமையாகச் சொல்லித்தருவீர்களா?

---

கணக்கு_டீச்சர்:

நான் இருக்கிறேன். வீலுக்அப் விடுங்கள், இப்போது எக்ஸ்லுக்அப் வந்துவிட்டது, அதைவிட எளிது, ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எனக்கு வசதி.

ஓவர்லாக் அக்கா, எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதம் சம்பளம் ஏறுவதற்கு முந்தின நாள் ஏடிஎம் அட்டையைக் கேட்டேன். எதற்கு என்றார். என்னுடையது என்றேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை, சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் மட்டும்தான். ஆனால் நேற்றுக் காலை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். ரகசிய எண் எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை, இன்று மதியம் பீரியட் இல்லாத நேரத்தில் வங்கிக்குப் போய்ப் புது எண் போடப்போகிறேன்.